அடுத்தவர் சைட்டில் கால் வைப்பது

காக்கிநாடாவில் ஆகுல சத்திபாபுவுக்கு நிலையான முகவரி கிடையாது. அவர் பில்டர். கட்டுகிற கட்டடத்தில் எந்த வீடு விற்காமல் நிற்கிறதோ அதில் குடிபோவார். மேற்கு வெயில் முழுவதையும் வாங்குகிற மூலை வீடு, அல்லது லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் படுக்கையறை அமைந்த மேல்மாடி வீடு. அதுவும் விற்றுவிட்டால் அடுத்த கட்டடம். அவர் மனைவி மங்கதாயாரு பாத்திரங்களில் பாதியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. "எங்க வீட்டுக்காரருக்கு வீடு கட்டத்தான் தெரியும், இருக்கத் தெரியாது" என்று புதிதாக வருகிற அக்கம்பக்கத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் அது சத்திபாபுவின் கட்டிலில்தான் சொட்டும். லிஃப்ட் நின்றால் முதலில் மூச்சு வாங்குவது அவர்தான். ஆகவே அவர் கட்டடங்களில் புகார் என்று பெரிதாக எதுவும் வெளியே போவதில்லை. இதை நேர்மை என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. காலி வீட்டுக்குக் காவல் வைக்க மனமில்லாததும் அதில் ஒரு காரணம். நான் டைல்ஸ் கடை வைத்திருப்பவன், அவர் கட்டிய கடைசிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருப்பவன். இரண்டு பக்கத்திலிருந்தும் அவரைப் பார்த்திருக்கிறேன்.

அவரால் உட்கார முடியாது. போன் பேசினால் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். கல்யாண வீட்டில் பந்தி போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய் மண்டபத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். "பூச்சு உள்ள காத்து இருக்கு" என்பார். கல்யாண வீட்டாருக்கு அதைக் கேட்டு என்ன ஆக வேண்டும்?

சென்ட்ரிங் வேலைக்குப் பலகை சுமந்து, அதில் காண்ட்ராக்டராகி, பிறகு பில்டர் ஆனவர். எங்கள் ஊர் பில்டர் சங்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. பெரிய பில்டர்கள் பிரியமாகத்தான் "மேஸ்திரி" என்று கூப்பிடுவார்கள். பிரியத்தோடு ஒருவனை அவனுடைய பழைய இடத்திலேயே நிறுத்திவைக்க முடியும் என்பதை எங்கள் சங்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வருடம் பின்வரிசை நாற்காலி. நல்ல காரியம் எதுவும் தொடங்காத அந்த ஆஷாட மாதத்தில் அவருக்குத் தலைவர் பதவி வருவதாக இருந்தது.

எங்கள் சங்கத்தில் தேர்தல் நடந்ததே இல்லை. முன்னாள் தலைவர்கள் கூடி ஒரு பெயரைச் சொல்வார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். போட்டி போடுவது மானக்கேடு. அந்த முறை பெரியவர்கள் இருவருக்குள் மனஸ்தாபம். ஒருவருக்கு ஆகாத பெயரை மற்றவர் சொல்ல, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்ததில், இருவருக்கும் ஆட்சேபம் இல்லாத பெயராக சத்திபாபு மிஞ்சினார். ஆஷாடம் கழிந்து சிராவணத்தில் பதவியேற்பு. மங்கதாயாரு உப்பாடாவுக்கே போய் ஒரு பட்டுப்புடவை நெய்யச் சொல்லிவிட்டு வந்தார். அவர் நடையில்கூட ஒரு மாற்றம் தெரிந்தது. சத்திபாபுவோ மேடையில் பேச வேண்டிய நாலு வரியை வராண்டாவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. சட்டதிட்டப் புத்தகத்தில் கிடையாது. ஓர் உறுப்பினரின் கட்டடம் பாதியில் நின்றால், அவர் வாயால் சரி என்று சொல்லும் வரை இன்னொரு உறுப்பினர் அந்தச் சைட்டில் கால் வைக்கக் கூடாது. நிலத்துக்காரர் காலில் விழுந்தாலும், வீடு வாங்கியவர்கள் அழுதாலும் கூடாது. இந்த விதியை லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லோருடைய கட்டடமும் ஒரு காலத்தில் நிற்கும். நின்ற மறுநாளே இன்னொருவன் நுழையலாம் என்றால் எவனும் அஸ்திவாரம் தோண்ட மாட்டான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது வாசலுக்கு உள்ளே நிற்பவர்களின் நியாயம்.

ரமணய்யபேட்டையில் தாட்ல பத்ரராஜுவின் கட்டடம் மூன்றாவது தளம் போட்ட கையோடு நின்றுபோயிருந்தது. பணம் இறால் குளத்துக்குப் போய், இறாலுக்கு நோய் வந்து, எல்லாம் போயிற்று. இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. பத்ரராஜு மோசக்காரர் அல்ல. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், தான் நொடித்துப்போனதை ஊருக்கே சொன்ன மாதிரி. சிராவணத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் இருந்தது. அதனால் யார் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்க, நானே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

தண்ணீர் மோட்டார் சத்தம் பற்றிச் சொல்ல நான் சத்திபாபுவின் வீட்டுக்குப் போயிருந்த அன்று, அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பேசியவர் மேரி ரத்னகுமாரி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தார். மங்கதாயாரு கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்கதான் அடுத்த தலைவராமே பாபுகாரு?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க சிஸ்டர்."

"ஆனதும் எங்களுக்கு என்ன செய்வீங்க?"

"பத்ரராஜுகாரு கிட்ட பேசுவேன்."

"இதுக்கு முன்னாடி இருந்தவரும் பேசினார். அவருக்கு முன்னாடி இருந்தவரும் பேசினார். பேசறதுக்கு நாங்களே போதுமே? ஆஸ்பத்திரியில நாள் முழுக்க அதானே பண்றேன்."

சத்திபாபு எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

"நாங்க கட்டிக் கொடுங்கன்னு கூடக் கேக்கல. ஒருத்தர் போய்ப் பாத்து, இது பொழைக்குமா பொழைக்காதான்னு சொல்லணும். யார் கிட்ட கேட்டாலும், 'ராஜுகாரு சைட்டும்மா, நான் வரக்கூடாது'ங்கறாங்க. அங்க என்ன பேயா இருக்கு?"

"பேய் இருந்தா பரவாயில்ல சிஸ்டர்" என்றார் சத்திபாபு. "சங்கம் இருக்கு."

மூவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் ரமணய்யபேட்டைக்குப் போனார். உள்ளே போகவில்லை, ரோட்டிலிருந்துதான் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் போனார். அவரைத் தொந்தரவு செய்தது மூன்றாவது தளத்துக்கு மேலே வானத்தைப் பார்த்து நின்ற தூண் கம்பிகள். கடலோர ஊரில் வெறுங்கம்பி நின்றால் உப்புக்காற்று அதைத் தின்னும். நிற்கிற கட்டடத்தில் கம்பிக்கு சிமெண்ட் பால் அடித்துவைப்பது சாதாரண வழக்கம். இங்கே அதுகூடச் செய்யவில்லை. துரு தூளாக உதிர்ந்தால் தேய்த்துக் காப்பாற்றிவிடலாம். செதிலாக உரிய ஆரம்பித்தால் தூணை உடைக்க வேண்டிவரும். இன்னும் ஒரு மழை தாங்குமா என்பது கீழேயிருந்து தெரியவில்லை.

அந்த நாட்களில் அவர் பேச்சே கம்பியாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்துவிடுவார் என்று மங்கதாயாரு என் மனைவியிடம் சொன்னார். "ராத்திரி மழை பேஞ்சா இவருக்குத் தூக்கம் போயிடுது. நம்ம வீட்டு ஜன்னலைச் சாத்தமாட்டாரு, அவங்க கம்பி நனையுதேங்கிறாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பழைய சென்ட்ரிங் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கம்பி பிரஷ், வாளி, அரை மூட்டை சிமெண்டுடன் கிளம்பினார். மங்கதாயாரு படியில் வழி மறித்தார்.

"ஆஷாடத்துல எவனாவது வேலை ஆரம்பிப்பானா? அதுவும் அடுத்தவர் சைட்டுல?"

"வேலை இல்லடி. குளிப்பாட்டிட்டு வரேன்."

"பதவியேற்பு முடியட்டும்ங்க. தலைவரா போய்க் குளிப்பாட்டுங்க."

"தலைவருக்கு மாலை போடுவாங்க. வாளி தரமாட்டாங்க."

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எதிர் டீக்கடையில் யாரோ படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். மூன்றாவது தளத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சாம்பல் நிறமாகத் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார் வரப்போகும் தலைவர். அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "மேஸ்திரி வேலைக்குத் திரும்பிவிட்டார்."

வாரக் கடைசியில் செயற்குழு கூடியது. வாக்கில்லாத துணை உறுப்பினர் என்பதால் நான் கதவோரத்தில் உட்கார்ந்தேன். பத்ரராஜு வந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார், ஆனால் சட்டை மடிப்புக் கலையவில்லை. மூத்த முன்னாள் தலைவர் கோமலி சுப்பாராயுடு நடுநாயகமாக இருந்தார்.

"தம்பி" என்றார் சுப்பாராயுடு. "பெருசு பண்ண வேண்டாம். ராஜுகாரு சொல்லித்தான் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவரும் ஆமாம்பார். டிபனுக்குச் சொன்ன பெசரட்டு ஆறுது."

"ஆமாம்பேன்" என்றார் பத்ரராஜு, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மேஸ்திரிக்குக் கம்பியைப் பாத்தா கை சும்மா இருக்காது" என்று ஒருவர் கிண்டலாகச் சொல்ல, அறை கொஞ்சம் இளகியது. எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

சத்திபாபு எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

"அப்படிச் சொன்னா, நாளைக்கு மறுபடி அங்க போலாமா?"

"அது எதுக்கு? தலைவராயிடு. ஒரு கமிட்டி போடு. கமிட்டி போய்ப் பாக்கட்டும்."

"கமிட்டி கம்பி தேய்க்குமா சுப்பாராயுடுகாரு?"

சிலர் சிரித்தார்கள். சுப்பாராயுடு சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "மணல் கிடைக்காத அந்த வருஷம் உன் பில்டிங்கும் நின்னுது. உன் நிலத்துக்காரன் ஏறாத படி இல்ல. என்கிட்ட வந்தான், ராஜுகாரு கிட்டயும் போனான். ஒருத்தனாவது தொட்டமா? இந்தச் சங்கம் இல்லேன்னா நீ இன்னும் பலகைதான் சுமந்துகிட்டிருப்பே."

அது உண்மை. அறையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. சத்திபாபு நடப்பதை நிறுத்தினார்.

"மறக்கல. அந்த வருஷம் வேலை இல்லாட்டியும் நான் தினம் சைட்டுக்குப் போனேன். அதனாலதான் நீங்க தொடாததுல ஒரு அர்த்தம் இருந்தது. ராஜுகாரு கடைசியா எப்போ அங்க போனார்னு நான் கேக்கமாட்டேன். ஆனா அவர் சொல்லி நான் போகல. கேட்டா வேணாம்பார்னு தெரியும். அதனாலதான் கேக்கல. மறுபடியும் போவேன்."

யாரும் திட்டவில்லை. எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சரிங்க சத்திபாபுகாரு, உங்க இஷ்டம்" என்றார் சுப்பாராயுடு. அதுவரை 'நீ'யாக இருந்தவர் 'நீங்க' ஆனதில் பதவி போய்விட்டது என்று அறையிலிருந்த எல்லோருக்கும் புரிந்தது. வேறொரு பெயர் சொல்லப்பட்டது. கை தட்டினார்கள். சத்திபாபுவும் தட்டினார். பெசரட்டு வந்தது.

இதைத் தியாகம் என்று நான் எழுதமாட்டேன். அவருக்கு அந்தப் பதவி எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். படியிறங்கும்போது கைப்பிடியை இரண்டு தரம் தவறவிட்டார். ஒரு கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைக் குணம் என்பதா நோய் என்பதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் பத்ரராஜு எங்களுக்காகக் காத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"எத்தனை கை சிமெண்ட் பால் அடிச்சே?" என்றார்.

"ஒரு கைதான். அதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு."

"ஒரு கை எப்படிப் போதும்? உப்புக்காத்து. ரெண்டு அடிக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் ராஜுகாரு."

"செதில் வந்துதா?"

"கிழக்குப் பக்கம் ரெண்டு தூணுல. மத்ததெல்லாம் தூள்தான். பொழைச்சுக்கும்."

பத்ரராஜு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த மாசம் கழியட்டும். நிச்சயம் ஆகட்டும். அதுக்கப்புறம் எதை வேணா கேளு."

"மழை கேக்காது ராஜுகாரு. நாளைக்கு ரெண்டாவது கை அடிக்கணும். நீங்களும் வாங்க."

"ஊரெல்லாம் பாக்கிற மாதிரியா? ரோட்டுப் பக்கம் நான் நிக்கமாட்டேன்."

"பின்பக்கம் நில்லுங்க. அங்கயும் தூண் இருக்கு."

அவர் வந்தார். பின்பக்கத் தூண்களை அவரே தேய்த்தார், யாரோடும் பேசவில்லை. தெருக்கோடியில் மேரி ரத்னகுமாரி ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலேயே பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போனாராம். பத்ரராஜு தன் வாயால் சரி என்று இன்றுவரை சொல்லவில்லை. அன்று வந்து நின்றதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று சங்கத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது தளத்துக்கு சத்திபாபுவின் ஆட்கள் நேற்று கான்கிரீட் போட்டார்கள்.