பளபளத்த ரிம், பிடிக்காத பிரேக்

வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேக் சரியில்லாத பேருந்துகளை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று தராமல் திருப்பி அனுப்பியே பலரின் சாபத்தைச் சம்பாதித்தவன். சென்ற ஆயுத பூஜைக்கு என் சைக்கிளைக் கழுவி, பளபளக்கட்டும் என்று இரண்டு ரிம்களிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலை மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அரிமளம் கடைவீதிக்குக் கிளம்பினேன். கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது, கீழே சாலையில் ஒரு பேருந்து குறுக்கே வந்தது.

"ஏங்க, பிரேக்கப் புடிங்க!"

"புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

பின் பிரேக்கை முழுதாக அழுத்தியும் ரப்பர் கட்டைகள் ரிம்மின் எண்ணெயில் வழுக்கின. முன் பிரேக்கும் அப்படியே. கால்களைத் தரையில் தேய்த்து, பேருந்தின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். செருப்பு அறுந்திருந்தது.

"ஊரு பஸ்சுக்கெல்லாம் எஃப்.சி. குடுத்தீங்களே, ஒங்க சைக்கிளுக்கு எந்தப் புண்ணியவான் குடுத்தாரு?" என்றாள் மனைவி.

இப்போது எண்ணெய் செயினுக்கு மட்டும்தான். ரிம்மைச் சோப்பு நீரில் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கட்டைகளையும் மாற்றிவிட்டேன். கிளம்புமுன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிப் பார்க்கிறேன். பிறகு மனைவியும் ஒருமுறை தள்ளிப் பார்க்கிறாள். ஆட்சேபிக்க எனக்கு எந்த விதியும் நினைவுக்கு வருவதில்லை.