நைட் ஷிப்ட் முடித்தவள் ஏறக்கூடாது

துவைக்கிற கல்லில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "ஏறி நில்லுளா" என்கிறாள் இசக்கிசெல்வி. செந்தாமரை ஏறுகிறாள். புதுச் செருப்பு வழுக்குகிறது. விழுவதற்குள் இசக்கிசெல்வி இடுப்பைப் பிடித்து நிறுத்திவிடுகிறாள்.

"இதக் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்க. அருவிக்குக் கம்பெனி ஷூ."

"இன்னாக்கா நீ, அத்தப் போட்டுகினு போட்டோ புடிச்சா வாட்ச்மேன் மாதிரி கீது."

"வாட்ச்மேன் முழுசா வீடு திரும்புவாம்லா?"

பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்களில் இசக்கிசெல்வி ஒருத்தி. குள்ளம், இறுக்கிப் பின்னிய சடை, வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு சுற்று டேப். ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கான வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் லைன் வேலை. வயரைச் சொருக வேண்டும், 'க்ளிக்' என்று கேட்க வேண்டும், பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாள், பை வார், கொடிக்கயிறு எதையும் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். என் ரத்த அழுத்த மாத்திரை டப்பாவின் மூடியைக்கூட.

ஞாயிற்றுக்கிழமை மாடிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆந்திர எல்லையில், மலையிடுக்கில் விழும் அருவிக்குப் போவதாகத் திட்டம். வேன் ஓட்டும் ரகுவிடம் பாதை முழுவதையும் கேட்டுக் கறந்துவிட்டாள். பிறகு சட்டங்கள் போட்டாள். தண்ணீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ அந்த நொடியே எல்லாரும் கரையேற வேண்டும். "ரெண்டு பக்கமும் பாறைச் சொவரு. வெள்ளம் வந்தா எங்க ஏறுவ?" நடக்கும்போது ஒவ்வொருத்தியும் தனக்குப் பின்னால் வருகிறவளின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆழம் தெரியாத மடுவில் யாரும் இறங்கக்கூடாது. பொழுது சாய்ந்தும் வேன் திரும்பவில்லை என்றால் நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை என் வாயாலேயே ஒப்பிக்க வைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: நைட் ஷிப்ட் முடித்தவள் வேனில் ஏறக்கூடாது. இங்கே பிள்ளைகள் கிடைக்கிற ஒரே விடுமுறையைத் தூங்கி வீணாக்க மனமில்லாமல், விடிய விடிய வேலை பார்த்துவிட்டு அப்படியே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். போன வருடம் இப்படிக் கடலுக்குப் போன மாடிப் பெண் மாடத்தி முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். இசக்கிசெல்விதான் சடையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். தூக்கம் கெட்ட உடம்பும் குடித்த உடம்பும் ஒன்றுதான். நர்ஸாக இருந்த காலத்தில் வார்டில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொதிகை மலையடிவாரத்துப் பெண் இசக்கிசெல்வி. "இங்க வந்ததுல இருந்து பக்கெட்டுத் தண்ணிதான் சிஸ்டரம்மா. தலையில அருவி விழுந்து எம்புட்டு நாளாச்சு" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடிகிற நேரத்தில், இரவு லைனில் ஆள் குறைகிறது என்று சூப்பர்வைசர் இவளை நிறுத்திவிட்டார். வேலை நிரந்தரமாகும் மாதம். மறுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வாசலில் வேன் நின்றது. அவள் கண் சிவந்திருந்தது, நடை மட்டும் நேராகத்தான் இருந்தது.

"நீ ஏறுக்கா, தண்ணில எறங்காம குந்திகினு இரு" என்றாள் செந்தாமரை.

"சட்டம் போட்டதே நீதான, உனக்கு நீயே லீவு குடுத்துக்கோ" என்று மாடத்தி சிரித்தாள்.

"இன்னாம்மா, நீ இல்லாம இதுங்கள யாரு மேய்க்கிறது? வண்டில தூங்கிகினு வா" என்றார் ரகு.

இசக்கிசெல்வி படியில் ஒரு காலை வைத்தாள்.

"வண்டியில தூங்கிருவேன் அண்ணாச்சி. அருவிச் சத்தம் காதுல விழுந்தா எறங்கிருவேன். எனக்கு என்னைத் தெரியும்."

காலை எடுத்துவிட்டாள். மாடியேறி, அருவிக்கென்று எடுத்து வைத்திருந்த நைலான் கயிற்றையும் விசிலையும் கொண்டு வந்தாள். கயிற்றைச் சுருளோடு மாடத்தியின் மடியில் வைத்தாள். விசிலைச் செந்தாமரையின் கழுத்தில் கட்டினாள். முடிச்சுப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். செந்தாமரையின் தலை முன்னால் வந்து போனது. பிறகு வேன் கதவைச் சாத்தி, அதன் கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.