கன்னியம்மாவும் பதினொன்றரை மணி டவுன் பஸ்ஸும்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சர்க்கரை நோய் ரெஜிஸ்டரில், ஆவணி மூன்றாம் செவ்வாய்க்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "கன்னியம்மா, வயது 52. அடிக்கடி சிறுநீர்: இல்லை." முந்தைய இரண்டு மாதங்களிலும் அதே 'இல்லை'. மூன்றையும் எழுதிய ஸ்டாஃப் நர்ஸ் நான்தான். சர்க்கரைக்காரருக்கு அந்தக் கட்டத்தில் 'இல்லை' வந்தால் எனக்கு ஒரு திருப்தி.

அடுத்த மாதம் குளிர் ஜுரத்தோடு வந்தார். யூரின் இன்ஃபெக்‌ஷன். இதே தொல்லை ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு நாளில் எப்போதெல்லாம் போவீர்கள் என்று அன்றுதான் கேட்டேன்.

"காலைல ஒருவாட்டி, வூட்டுக்கு வந்து ஒருவாட்டி. நடவுல மத்தவளுங்க மறைவு தேடி அல்லாடுவாளுங்க. எனக்கு அந்தப் பேஜாரே கெடயாது சிஸ்டர். சக்கர எனக்குப் பண்ண ஒரே நல்லது அதான்."

ஸ்கேனில், போய்விட்டு வந்த பிறகும் மூத்திரப்பை பாதி நிறைந்திருந்தது. சர்க்கரை நரம்பை மழுங்கடித்ததால் நிறைவது அவருக்குத் தெரியவில்லை. உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போகச் சொன்னார் டாக்டர். ஒரு மாதத்தில் தேக்கம் குறையாவிட்டால், சிறுநீர் வடிய டியூப்.

"டியூபு வச்சிக்கினு சேத்துல எப்டி எறங்குறது?" என்றார் கன்னியம்மா. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்.

சேற்றில் வாட்ச் சரிப்படாது. எனவே டவுன் பஸ்ஸைக் கடிகாரமாக வைத்துக்கொண்டார்: எட்டரை, பதினொன்றரை, இரண்டரை.

மூன்றாவது வாரம், ஃபீல்டு விசிட் முடித்து அந்தப் பதினொன்றரை பஸ்ஸில் நான் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலவாக்கம் தாண்டி பஸ் நின்றது. வயலிலிருந்து கன்னியம்மா ஓடிவந்து, ரோட்டோர மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் மறைந்தார். கண்டக்டர் இறங்கி, அவர் வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"இன்னாக்கா, தெனம் ஓடியாற, நிறுத்துனா ஏற மாட்ற. நிறுத்தாம போனா, பொம்பளைங்களுக்கு ஓசி டிக்கெட்டு, அதான் ஏத்தலன்னு கம்ப்ளெயின்ட்டு குடுப்பீங்க."

"உன் பஸ்ஸுக்கு யாருப்பா ஓடியாந்தா? டாக்டரு ஒண்ணுக்குப் போவச் சொன்ன டைமுக்கு நீ வர. அதோ உள்ள கீறாங்க, சிஸ்டரக் கேளு."

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. அரசாங்க முகத்தோடு விளக்க ஆரம்பித்து, பாதியில் எனக்கே சிரிப்பு வந்து விக்கல் எடுத்துவிட்டது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். அடங்கிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மெதுவாகக் கேட்டார்: "ரொம்புறது தெரியாமயே போவுமா சிஸ்டர்?" அடுத்த செவ்வாய் அவர் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார்.

மாதக் கடைசி ஸ்கேனில் தேக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. டியூப் வேண்டாம் என்றார் டாக்டர். நானும் 'அடிக்கடியா?' என்று மட்டும் கேட்பதை விட்டுவிட்டேன், 'கடைசியாக எப்போது?' என்றும் கேட்கிறேன்.

இப்போது அந்த இடத்தில் பஸ் நிற்பதில்லை, இரண்டு ஹாரன் மட்டும். தனக்காகத்தான் என்கிறார் கன்னியம்மா. ரோட்டு வளைவுக்காக என்கிறார் கண்டக்டர். ஓட்டுநரைக் கேட்க இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் அவருக்கு லீவு. இதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.