கழுவிவிட்ட வீடு

ஜெபசிங்கின் எண்ணிலிருந்து செய்தி வந்தபோது, வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்கிறார் என்று நினைத்துப் படிக்காமலே விட்டுவிட்டேன். வருடா வருடம் இந்த மாதத்தில் அதுதான் வரும். மாலையில் திறந்தால், அப்பா இறந்துவிட்டார், நான்கு மணிக்கு அடக்கம் என்று அவர் மகள் எழுதியிருந்தாள். அப்போது மணி ஐந்தரை. கல்லறைத் தோட்டத்துக்குப் போவதா, அவர் வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

ஜெபசிங் எங்கள் தெருவின் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நம் சபை இதழில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் பாலிசி எடுத்தவர்கள். அவருடைய பொறுமையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கே அந்தப் பாலிசிக் காகிதம் விளங்கவில்லை. வீட்டுக் கடனோடு பேங்க்கில் இன்சூரன்ஸ் போட்டாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று அவரிடம் சண்டை பிடித்தேன். "டீச்சர், பேங்க்ல போட்டது சுவருக்கும் கூரைக்கும். உள்ள இருக்க கட்டிலு, பீரோ, பிரிட்ஜுக்கு யாரு பொறுப்பு?" என்றார். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் முதல் முறை சொல்வதுபோலவே சொன்னார். விளங்கியதாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுத்தேன். பண்டிகைக்கு வீட்டைக் கழுவி வெள்ளையடிக்காமல் விடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. முழங்கால்வரை சேற்றோடு வந்த ஜெபசிங், துடைப்பத்தைக் கையிலிருந்து வாங்கினார். "கழுவாதிய டீச்சர். ஒன்னையும் வெளிய போடாதிய. கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தப் பாக்கட்டும், பொறவு கழுவலாம்." பாலன் பிறப்புக்குச் சேற்று வீடா என்று கத்தினேன். அவர் என் அடிஸ்கேலை எடுத்து, சுவரில் தண்ணீர் நின்ற கறைமேல் பிடித்துப் படம் எடுத்தார். ஊறிய மெத்தையையும் பிரிட்ஜையும் படம் எடுத்தார். கம்பெனிக்குத் தகவல் சொல்லவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் சர்வேயர் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்கு நன்றி தாங்கவில்லை. ஜெபசிங்கின் மனைவி எஸ்தர் மகளோடு சாத்தான்குளத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அவர் திரேஸ்புரம் பக்கம் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தார். ஏஜெண்ட் வீட்டைத்தானே சர்வேயர் முதலில் பார்த்திருப்பார் என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம். எதிர்வீட்டில் அவர் வீட்டுச் சாவியை வாங்கி, பெண்கள் ஏழு பேர் சேற்றை வாரினோம். ஊறியதையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றினோம். சுண்ணாம்பும் அடித்தோம். யோசனை என்னுடையது.

சாயங்காலம் வந்தவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "எங்க வீட்டுக்கு முதல்ல கிறிஸ்மஸ் வந்துட்டு போல, டீச்சர்" என்றார். டீ கேட்டு வாங்கிக் குடித்தார். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

செய்தி வந்த அன்று அடக்கத்தைத் தவறவிட்டு, அவர் வீட்டுக்குத்தான் போனேன். எங்களுக்கெல்லாம் எவ்வளவு அலைந்து நஷ்டஈடு வாங்கிக்கொடுத்தார் என்று எஸ்தரிடம் அழுதேன். அவள் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை.

"எங்களுக்குத்தான் கிடைக்கல டீச்சர். வெள்ளையடிச்ச மறுநாளு சர்வேயர் வந்தாரு, பாக்கதுக்கு ஒன்னும் இல்ல. நம்ம வீட்டக் கடைசியா படம் எடுத்துக்கிடலாம்னு இருந்துட்டாவ. டீச்சர்ட்ட மட்டும் சொல்லிராதன்னாவ."

அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தார்? அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் பாலிசிப் படிவத்தோடு வந்து என் வீட்டில் டீ குடித்தாரே, கோபமே இல்லையா, இல்லை விழுங்கிவிட்டாரா? வெட்கமாக இருக்கிறது. மன்னிப்பை இனி யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அந்த வருடமும் அதன் பிறகும் என் வீட்டில் வெள்ளையடித்தபோதெல்லாம் பீரோவை நகர்த்த முடியாமல் அதன் பின்சுவரை விட்டிருந்தோம். அவர் ஸ்கேல் பிடித்த கறைக்கோட்டின் மிச்சம் அங்கே மட்டும் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அதைத்தான். நேற்று வெள்ளையடிக்க வந்தவர் பீரோவை நகர்த்திவிட்டு, இதையும் அடித்துவிடவா என்று கேட்டார்.

"வேண்டாம்பா, சர்வேயர் இன்னும் பாக்கல" என்றேன்.