செவலை கன்று போட்ட ஞாயிறு

பச்சை அட்டை போட்ட அந்த நோட்டில் முதல் பதிவு ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை. அதிலிருந்து ஒரு வாரம்கூட விடுபடவில்லை. இன்றும் எங்கள் உறவில் யார் வீட்டு விசேஷம் எந்த ஆண்டு, எந்தக் கிழமை நடந்தது என்று சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்வார்கள். தேதி வைத்து எழுதும் பழக்கம் எனக்கு அந்த நோட்டில்தான் தொடங்கியது. அதில் இருப்பதெல்லாம் ஒரே ஒருத்தியைப் பற்றி. அவள் என் அத்தை மகள்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் இருவரும் பத்தாம் வகுப்பு படித்தோம். ஒரே அறை, அடுத்தடுத்த இரும்புக் கட்டில். அந்த ஆடியில் சேலத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வந்து எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். மனம் தவிக்கும் பிள்ளையை ஆசிரியருக்கு முன்பே கண்டுகொள்வது பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைதான் என்றார். ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார். அதில் நான்கு வேலைகள் அச்சடித்திருந்தன: பார், கேள், கூட இரு, பெரியவர்களிடம் சொல். எப்படிக் கேட்பது, கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று இரண்டிரண்டு பேராக நிறுத்தி நடித்துக் காட்டச் சொன்னார். அவசரப்படாதீர்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அதுதான் நான்கிலும் கஷ்டம் என்று அவர் சொன்னதை நான் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் அடிக்கோடு போடவில்லை.

நல்ல பயிற்சிதான். எங்கள் பள்ளியில் எதற்கும் ஒரு நோட்டு உண்டு, எந்த நோட்டுக்கும் திருத்தம் உண்டு. ஆலோசகர் ஊர் திரும்பிய மறு வாரமே வார்டன் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் ஜோடியைக் கவனித்து வாராவாரம் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். திங்கட்கிழமை காலையில் நோட்டுகளை அடுக்கிவைத்தால் மாலையில் சிவப்பு மைக் கையெழுத்தோடு திரும்பி வரும். உறவு என்பதால் நானும் அத்தை மகளும் ஜோடி. அவள் என்னைப் பற்றி வாராவாரம் ஒரே வரி எழுதினாள், 'நன்றாக இருக்கிறாள்' என்று. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை முறை கொட்டாவி விட்டாள் என்பதுவரை இருக்கும். முதல் மாதமே எனக்கு 'மிக நன்று' கிடைத்தது.

ஐப்பசிக் கடைசி ஞாயிறன்று இப்படி எழுதியிருக்கிறேன்: 'வீட்டிலிருந்து போன் வந்தது. பேசினாள். பிறகு குழாயடிக்குப் போய்க் காதைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.' அதன்பின் வந்த இரண்டு ஞாயிறுகளிலும் அதே வரி. காது மடல் சிவந்துபோகிற அளவுக்குத் தேய்ப்பாள். நான் எழுதினேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

விடுதி அலுவலகத்து வெளிச்சுவரில் இரண்டு போன்கள் மாட்டியிருக்கும். ஞாயிறு மாலை நான்கு மணி முதல் வீட்டார் அழைக்கலாம். மைக்கில் பெயர் சொல்வார்கள், ஓடிப்போய் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும் அளவுக்கு அந்தப் போன்கள் இரையும்.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு என் அம்மா என்னைப் பார்க்க பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஐப்பசி நடுவில் அத்தைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பரீட்சை முடியும்வரை மகளுக்குத் தெரியக் கூடாது என்று குடும்பத்தில் எல்லோரும் கூடி முடிவு செய்திருந்தார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் சாவைக்கூட மறைக்கிற ஊர் எங்களுடையது, இது நோய்தானே என்று நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் ஞாயிறுதோறும் பேசுவது யார் என்று கேட்டேன். சின்னத்தை என்றார் அம்மா. சின்னத்தை அத்தையின் தங்கை, மேட்டூரில் இருந்தார். இருவர் குரலும் ஒன்றேதான். போனில் என் அப்பாவே தன் அக்கா என்று நினைத்துத் தங்கையிடம் அரை மணி பேசியது எங்கள் வீட்டில் பழைய சிரிப்பு.

அம்மா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "பாப்பாகிட்ட மூச்சு உட்றாத சாமி. படிக்கற புள்ள, ஒடஞ்சு போயிரும்."

சரியென்றேன்.

அடுத்த ஞாயிறு அத்தை மகள் பேசும்போது நான் இரண்டடி பின்னால் நின்றேன். ஜோடி அருகில் நிற்கலாம் என்று வார்டனே அனுமதித்திருந்தார். சாப்பாடு, படிப்பு எல்லாம் வழக்கம்போல் முடிந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"அம்மா, செவலை கன்னு போட்டுருச்சுங்களா?"

சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு, பேசத் தொடங்குமுன் அத்தை செருமுகிற அந்தச் சிறு செருமல். "போட்டுருச்சு சாமி. நீ அதையெல்லாம் நெனைக்காத. படி."

"என்ன கன்னுங்கம்மா?"

"கெடேரிக் கன்னு."

திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீட்டில் அத்தைக்கு இருந்தவை மூன்று எருமைகள். செவலை மாடு அந்தக் கட்டுத்தரையில் என்றைக்குமே நின்றதில்லை. மாமாவுக்குப் பசுமாடே ஆகாது. மேட்டூரில் கம்பெனி வீட்டில் இருக்கும் சின்னத்தைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அத்தை மகளுக்குத் தெரியும். வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது, கோழிப் பண்ணைத் தீவன நாற்றம் காற்றில் வந்துகொண்டிருந்தது, என் முதுகு மட்டும் சில்லிட்டது.

அதற்குப்பின் ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்று கேட்பாள். கன்றுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறதா என்பாள். இருக்கிறது என்று குரல் சொல்லும். கிணற்று மேட்டு மாதுளை காய்த்ததா என்பாள். காய்த்துக் குலுங்குகிறது என்று குரல் சொல்லும். அங்கே மாதுளையும் கிடையாது. மாடியறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்றாம். அந்த வீட்டுக்கு மாடியே இல்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதே குரலுக்குப் பழகிவிட்டிருந்தது. இல்லாத வீடு ஒன்று அந்தப் போனுக்குள் வாராவாரம் வளர்ந்துகொண்டிருந்தது. அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். போனை மாட்டியதும் குழாயடிக்குப் போவாள்.

மஞ்சள் தாளில் இரண்டாவது வேலை 'கேள்'. ஒரு புதன்கிழமை, துணி காயப்போடும்போது, தாளில் இருந்த வாசகத்தை அப்படியே சொன்னேன். "கொஞ்ச நாளா நீ வேற மாதிரி இருக்கற. எதுனாலும் எங்கிட்டச் சொல்லலாம்."

அவள் பாவாடையைப் பிழிந்து உதறிவிட்டு, தாளில் இருந்த பதிலை அப்படியே சொன்னாள். "கேட்டதுக்கு நன்றி. இப்ப நல்லா இருக்கேன். தேவைப்பட்டாச் சொல்றேன்."

ஆடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடித்த வாசகம் அது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'கேட்டேன். நலம்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்கு அந்த ஆண்டு அரையாண்டு லீவு இல்லை, பொங்கல் லீவும் இல்லை, சிறப்பு வகுப்பு என்றார்கள். மாமா மாதம் ஒரு முறை முறுக்கும் நல்லெண்ணெயும் கொண்டுவருவார். அத்தை வராததற்கு மூட்டுவலி என்பார். அவள் சரிங்கப்பா என்பாள்.

மார்கழிக் கடைசி ஞாயிறு. மைக்கில் பெயர் சொன்னார்கள். போனாள், பேசினாள், பாதியில் திரும்பி ரிசீவரை என் கையில் வைத்தாள்.

"இந்தா புள்ள, உன்ற அத்தைதான். பேசு."

உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவின் தலைமேல் வைத்த கை நினைவுக்கு வந்தது.

"அத்தை, நானுங்க."

"நல்லா இருக்கறயா சாமி?" மிக அருகில் கேட்டது அந்தக் குரல். அத்தை கட்டிலில் வாய் பேசாமல் கிடக்கிறார் என்று தெரிந்திருந்தும், ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"நல்லா இருக்கறனுங்க. பரீட்சை முடிஞ்சதும் செவலைக் கன்னைப் பாக்க வாரேனுங்க."

"வா சாமி, வா."

அத்தை மகள் ரிசீவரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாங்கி, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் கொக்கியில் மாட்டினாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவள் போனுக்குப் போகவில்லை. படிக்க வேண்டும் என்றாள். மைக்கில் அவள் பெயரை மூன்று முறை சொல்வார்கள். காலி நடைபாதையில் அந்தப் பெயர் எதிரொலித்து அடங்கும்வரை அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். மதிப்பெண் ஏறியது. வார்டன் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார்.

அத்தையின் பேச்சு முழுவதும் போய்விடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. மார்கழியில் ஒரே ஒரு சொல் திரும்பியிருந்தது. 'பாப்பா' என்று மகளைக் குழறலாகக் கூப்பிடுவாராம், வாசலைப் பார்த்துக்கொண்டு. தை மூன்றாம் வாரம் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அதன்பின் அந்தச் சொல்லும் இல்லை. நான் போனில் பேசிய ஞாயிறுக்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. இரண்டு நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடமாயிற்று.

பங்குனியில் பரீட்சை முடிந்தது. மாமா கார் கொண்டுவந்தார். நானும் கூடப் போனேன். வழியில் பாதித் தூரத்தில்தான் அவர் வாய் திறந்தார். "அம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்ல சாமி. பேச்சு வராது."

அவள் சரிங்கப்பா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தார்கள். அவள் நேராக உள்ளறைக்குப் போய், கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, அத்தையின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. சின்னத்தை கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமானால் கையைக் காட்டினார். பேசாத அக்காவும் வாய் திறக்காத தங்கையும் ஒரே வீட்டில் நடுப்பகலில் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்னவோ செய்யும்.

இரண்டாம் நாள் மாலை அத்தை மகள் என்னைக் கூப்பிட்டாள். "வா புள்ள. செவலையப் பாக்கோணும்னியே."

கட்டுத்தரையில் எருமைகள் மூன்றும் அசை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி, மாடு கட்டும் கடைசி முளைக்குப் போனாள். அதில் கயிறுகூட இல்லை. ஒரு பிடி வைக்கோலை எடுத்து, ஒரு மாட்டின் வாய் இருக்கும் உயரத்தில் நீட்டினாள்.

"பாரு. நெத்தியில வெள்ளை." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியுதா?"

வைக்கோல் ஆடாமல் காற்றில் நின்றது. நான் அந்த வெற்று இடத்தைப் பார்த்தேன். உள்ளே ஓடி என் அம்மாவிடம் சொன்னேன், இல்லாத மாடு அவளுக்குத் தெரிகிறது என்று.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சின்னத்தை "அய்யோ" என்று இரண்டு நாளில் முதல் முறையாக வாய் திறந்து, உடனே முந்தானையால் மூடிக்கொண்டார். விபூதி போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் காரில் ஏறினாள். டாக்டர் அவளிடம் தனியாக ஒன்றரை மணி நேரம் பேசினார். பிறகு மாமாவையும் சின்னத்தையையும் உள்ளே கூப்பிட்டார். இருவரும் தலை குனிந்து வெளியே வந்தார்கள். என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லப்படவில்லை. அவளுக்கு மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை என்பது மட்டும் தெரியும்.

நல்லவேளை நீ கவனித்தாய் என்று அப்பா என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று நான் உள்ளே ஓடிய பிறகும் அவள் வெகுநேரம் அந்த முளைக்கு முன்னால் கையை இறக்காமல் நின்றிருந்தாளாம், அம்மா பின்னொரு நாள் சொன்னார். அங்கே மாடு இல்லை என்று யாராவது ஒருத்தி தன் முகத்துக்கு நேரே சொல்லிவிட மாட்டாளா என்று நின்றிருக்கிறாள். மாடு இருக்கிறது என்று போனில் சொன்னவர்கள் சின்னத்தையும் நானும்தான்; அந்த வீட்டில் மாடு கண்ணுக்குத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். அது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மஞ்சள் தாளில் இருந்த நாலாவது வேலையையும் செய்துவிட்டேன் என்பதுதான்.