இரண்டடிக் கடைக்கால்

பல வருடங்களுக்கு முன்பு. திருமங்கலம் சாலையோரக் கரிசலில் இருந்த எங்கள் வீட்டில், தங்கையின் தலைப்பிரசவத்துக்காக ஓர் அறை சேர்த்துக் கட்டினேன்.

கடைக்காலுக்கு இரண்டடி தோண்டியதும் கொத்தனார் மாயாண்டி கடப்பாரையால் குத்திப் பார்த்தார்.

"தம்பி, இது மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். சரளை தட்டுற வரைக்கும் தோண்டி, ஆத்து மணலைக் கெட்டிக்கணும்."

"ஆடி பிறந்துட்டா பால் காய்ச்ச முடியாது, கொத்தனாரே. இம்புட்டு ஆழம் எதுக்கு? கோபுரமா கட்டுறோம்?"

"கோபுரம்னா நீங்க அவசரப்பட மாட்டீகளே" என்று சிரித்தார்.

நான் இணங்கவில்லை. இரண்டடியிலேயே கல் வைக்கச் சொன்னேன். ஆனிக் கடைசியில் பால் காய்ச்சினோம்.

ஐப்பசி மழையில் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பிறந்து ஒன்பது நாளான குழந்தையோடு தங்கை வெளியே ஓடிவந்தாள். தெருவே கூடிவிட்டது. என் மாமா மாயாண்டியை வரவழைத்து, "கரிசல்ல இம்புட்டுத்தான் தோண்டுவாகளா? நீயெல்லாம் ஒரு கொத்தனாரா?" என்று கத்தினார்.

மாயாண்டி என்னைப் பார்த்தார். இரண்டடி போதுமென்றது நான்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். படித்தவன் என்ற பெயர் போய்விடுமோ என்று பயந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு பழைய வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை. வேறு ஆள் வைத்து, சரளை வரை தோண்டித்தான் அறையைத் திரும்பக் கட்டினேன். இன்றும் அசையாமல் நிற்கிறது. வருகிறவர்கள் அதன் உறுதியைப் புகழும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.