பித்தளையில் ஒரு அளவுத் தகடு

திருத்தங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த கடைசல்காரர் ஒருவரின் மூக்குக் கண்ணாடியில் எப்போதும் உலோகத்தூள் மின்னும். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து கெட்டிக்கும் பித்தளைக் கம்பிகளை அவர்தான் கடைந்து தருவார். கம்பி துளி பருத்தாலும் குழாயில் உரசித் தீப்பிடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் துளையிட்ட இரும்புத் தகட்டில் நுழைத்துப் பார்ப்பார். சிக்கினால் திரும்பவும் லேத்துக்குப் போகும்.

ஒருமுறை அரைநாள் உட்கார்ந்து துளையை இழைத்து எனக்கும் ஒரு தகடு செய்தார். அது பித்தளை.

"அடிக்க அடிக்க கம்பி நுனி விரியும், அண்ணாச்சி. தினமும் வேலைக்கு முன்னாடி நுழைச்சுப் பாருங்க."

"இரும்புல செஞ்சிருந்தா தேயாதுல்லா?" என்றேன்.

"தேஞ்சா வேற தாரேன். மருந்து ரூமுக்குள்ள இரும்பைக் கொண்டு போவீகளா?"

பொறி பறக்குமென்று தொழிலாளர்களின் சாவிக்கொத்தைக்கூட வாசலிலேயே வாங்கி வைக்கும் ஃபோர்மேன் நான். தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.